பூனை கடிக்கும் இலை

கருணைக்கிழங்கு நறுக்கிப் பழகியவர்கள் கையில் எண்ணெய் தடவிக்கொண்டுதான் அரிவாள்மனை முன் உட்காருவார்கள். குழம்பில் புளி குறைந்தால் சாப்பிட்டு எழுவதற்குள் தொண்டை காறத் தொடங்கிவிடும். சேனை, கருணை, சேப்பங்கிழங்கு மூன்றிலும் கூடக் குறைய இந்தக் காறல் உண்டு. இது காரம், கசப்பு போல ஒரு சுவை இல்லை. கிழங்கின் சில செல்களுக்குள் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகக் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருக்கிறது. செல் உடைந்ததும் ஊசிகள் வெளியே பாய்ந்து நாக்கிலும் தொண்டையிலும் குத்துகின்றன. அந்தக் குத்தலைத்தான் நாம் காறல் என்கிறோம்.

டிவி பக்கத்தில் கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறோமே மணி பிளான்ட், அதற்குள்ளும் இதே ஊசிகள்தான். சேப்பங்கிழங்கும் மணி பிளான்டும் ஒரே தாவரக் குடும்பம். மணி பிளான்டை யாரும் கூட்டு வைத்துச் சாப்பிடுவதில்லை, அதனால் அதன் குணம் நமக்குத் தெரியாமலே இருக்கிறது. வீட்டுக்குப் பூனை வந்த பிறகு தெரியும்.

எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தெரிந்தது. ஆறு மாதக் குட்டி, வாயோரம் நூல் நூலாக எச்சில் வழிய, முன்னங்காலால் முகத்தைத் தேய்த்தபடி கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டது. மீன் வாசனைக்கும் வெளியே வரவில்லை. கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "எதையோ கடிச்சிருக்கு. வீட்ல என்னென்ன செடி வெச்சிருக்கீங்க சார்?" என்று கேட்டார். பதினான்கு தொட்டிகள் இருந்தன. மணி பிளான்ட், கற்றாழை, அதிர்ஷ்ட மூங்கில் என்று சொல்லிக்கொண்டே வந்தவன் அதற்குமேல் 'பெரிய இலைச் செடி', 'ஏதோ ஒரு லில்லி' என்று இழுத்தேன். நாலைந்து வருடமாகத் தண்ணீர் ஊற்றிய செடிகளில் பாதிக்கு எனக்குப் பெயர் தெரியவில்லை.

குட்டி மறுநாளே சரியாகிவிட்டது. அந்தக் கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

இறைச்சி தின்னும் விலங்குக்கு இலை எதற்கு?

பூனை ஊன் உண்ணி. இனிப்பை உணரும் ஏற்பிக்குத் தேவையான இரண்டு மரபணுக்களில் ஒன்று பூனையிடம் செயலிழந்து கிடக்கிறது என்று 2005இல் கண்டுபிடித்தார்கள். பாயசமும் பழமும் அதற்கு ஒரு பொருட்டல்ல. அப்படிப்பட்ட பிராணி இலையைத் தேடிப்போய்க் கடிப்பானேன்?

வயிறு சரியில்லாதபோது வாந்தி எடுக்கப் புல் தின்னும் என்பதுதான் நாம் கேட்டு வளர்ந்த விளக்கம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள், பூனை வளர்க்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டுத் தொகுத்த விவரங்களை 2019இல் வெளியிட்டார்கள். 71 சதவீதப் பூனைகள் குறைந்தது ஆறு தடவையாவது செடி தின்றதை வீட்டுக்காரர்கள் பார்த்திருந்தார்கள். ஒருமுறைகூடத் தின்று பார்த்ததில்லை என்றவர்கள் 11 சதவீதம்தான். தின்பதற்கு முன்னால் பெரும்பாலான பூனைகள் நன்றாகவே இருந்திருக்கின்றன. ஆக, நோய்க்கு மருந்தாகத் தின்கிறது என்ற விளக்கம் பொருந்தவில்லை. காட்டில் வாழ்ந்த மூதாதைகளின் குடலில் எப்போதும் புழுக்கள் இருந்திருக்கும்; செரிக்காத புல் குடலின் அசைவைத் தூண்டி அவற்றை வெளியே தள்ளியிருக்கும்; புழு போன பின்னும் பழக்கம் ரத்தத்தில் நின்றுவிட்டது என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து.

இது சரியென்றால், செடியைக் கடிக்காதே என்று பூனையைத் திட்டிப் பலனில்லை. சோபாவைப் பிறாண்டுவதைப் போல இதுவும் அதன் பிறவிக் குணம். மாற்றக்கூடியது ஒன்றுதான்: அதன் வாய்க்கு எட்டும் தூரத்தில் எந்த இலை இருக்கிறது என்பது.

கல்லீரலில் இல்லாத ஒரு கருவி

ஆடு அரளியைத் தவிர்த்துவிட்டு மற்றதையெல்லாம் மேயும். செடிகள் தங்களைக் காத்துக்கொள்ளத் தயாரிக்கும் ரசாயனங்களோடு காலங்காலமாக மல்லுக்கட்டியே இலை தின்னும் விலங்குகளின் கல்லீரல் உருவாகியிருக்கிறது. உள்ளே வரும் அந்நிய மூலக்கூறோடு ஒரு சர்க்கரைத் துணுக்கை ஒட்டி, நீரில் கரையும்படி ஆக்கி, சிறுநீர் வழியாக வெளியே அனுப்புவது அதன் முக்கியமான உத்திகளில் ஒன்று. இதைச் செய்யும் நொதிகள் ஒரு பெரிய கூட்டம். அவற்றில் பீனால் வகைப் பொருட்களைக் கையாளும் ஒரு நொதிக்கு யூஜிடி1ஏ6 என்று பெயர். பூனையின் மரபணுத் தொகுப்பில் இந்த நொதிக்கான மரபணு இருக்கிறது, ஆனால் வேலை செய்யாது. நடுநடுவே எழுத்துப் பிழைகள் விழுந்து, படிக்க முடியாத பழைய ஓலை போல ஆகிவிட்டது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கோர்ட்டும் சக ஆய்வாளர்களும் 2000ஆம் ஆண்டு இதை வெளிப்படுத்தினார்கள்.

வீட்டுப் பூனைக்கு மட்டும் நேர்ந்த விபத்து இல்லை இது. 2011இல் வெளியான தொடர் ஆய்வில், சோதித்த பூனைக் குடும்ப விலங்குகள் எல்லாவற்றிலும் அந்த மரபணு செயலிழந்திருந்தது. வெளியாட்களில் பழுப்புக் கழுதைப்புலியிடமும் வட பசிபிக்கின் யானைச் சீலிடமும் அதே கதை. எல்லாமே பெரும்பாலும் இறைச்சியையோ மீனையோ நம்பி வாழ்பவை. இலையை உணவாக நம்பாத வயிற்றுக்கு இலை நஞ்சை முறிக்கும் கருவி எதற்கு? பயன்படாத மரபணுவில் பிழை விழுந்தாலும் விலங்கு சாவதில்லை. பிழை அடுத்த தலைமுறைக்குப் போய்விடுகிறது.

நமக்குக் காய்ச்சல் தணிக்கும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும் என்பதற்கு இந்த இழப்பு முக்கியமான காரணம். தரை துடைக்கும் பீனால் கலந்த ஃபினாயிலைப் பூனை வீட்டில் தவிர்க்கச் சொல்வதும் இதனால்தான். ஆனால் செடி நஞ்சுகள் அத்தனைக்கும் இந்த ஒரு நொதியின் மேல் பழி போட முடியாது. ஒவ்வொரு நஞ்சும் ஒவ்வொரு வழியில் வேலை செய்கிறது. ஒன்று மட்டும் பொது: நமக்கும் நாய்க்கும் ஒன்றும் செய்யாத செடி பூனைக்கும் ஒன்றும் செய்யாது என்று கணக்குப் போட முடியாது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியாவின் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. நம் பால்கனியில் நிற்பவையோ ஊர் ஊராக வந்தவை. மணி பிளான்ட் பசிபிக் கடலில் உள்ள மூரேயா தீவைச் சேர்ந்தது. மான்ஸ்டெராவும் டைஃபன்பேக்கியாவும் அமெரிக்க மழைக்காடுகளிலிருந்து வந்தவை. பாம்புச்செடி மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சொந்தம், பூங்கொத்தில் வரும் வெள்ளை லில்லியில் ஒரு வகை ஜப்பானின் தென் தீவுகளுக்கு. இவற்றைப் பூனை தன் பரிணாம வரலாற்றில் சந்தித்ததே இல்லை. சந்திப்பை ஏற்படுத்தி வைத்தவர்கள் நாம்.

ஊசி வைத்த இலைகள்

நர்சரியில் அதிகம் விற்கும் உள்ளறைச் செடிகளைப் பட்டியலிட்டால் பாதி சேப்பங்கிழங்கின் சொந்தக்காரர்களாக இருக்கும்: மணி பிளான்ட், ஃபிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா, சின்கோனியம், அக்லோனீமா, டைஃபன்பேக்கியா, ஆந்தூரியம், கலேடியம், பீஸ் லில்லி, இசட்இசட் பிளான்ட். வெளிச்சம் குறைவான காட்டுத் தரையில் வளர்ந்து பழகியவை என்பதால் நம் வரவேற்பறைக்குத் தோதாக இருக்கின்றன. குடும்ப ஊசியும் கூடவே வருகிறது.

இவற்றில் ஒன்றைக் கடித்த பூனைக்கு உடனே வாய் எரியும். எச்சில் வழியும், வாந்தி வரும், சாப்பாட்டுக்குக் கிட்டே போகாது. டைஃபன்பேக்கியாவுக்கு ஆங்கிலத்தில் ஊமைத் தண்டு என்று பொருள்படும் பெயர் உண்டு. மென்ற மனிதருக்கே நாக்கு வீங்கிப் பேச்சு நின்றுவிடுமாம். நல்ல வேளையாக, வலி உடனே வருவதால் பூனை நிறையத் தின்பதில்லை. தொண்டை வீங்கி மூச்சு முட்டினால் ஒழிய உயிருக்கு ஆபத்து அரிது. எங்கள் குட்டி தப்பித்தது இப்படித்தான். தன்னிடம் வந்து மோதுபவனை அந்த இடத்திலேயே அடித்துத் துரத்தும் செடி ஒரு வகையில் நேர்மையானது. வலிக்காமல் கொல்லும் செடிதான் பயப்பட வேண்டியது.

லில்லி என்ற பெயர்

கல்யாண மேடையிலும் பூங்கொத்திலும் பெரிய இதழ்களோடு, நடுவில் ஆரஞ்சுப் பொடி தூவும் மகரந்தத் தண்டுகளோடு நிற்கும் லில்லியைப் பார்த்திருப்பீர்கள். நீலகிரியின் பசுமைக்குடில்களில்கூட வளர்க்கிறார்கள். பூனை இருக்கும் வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாத செடி ஒன்றைச் சொல் என்றால் எந்தக் கால்நடை மருத்துவரும் இதைத்தான் முதலில் சொல்வார்.

தாவரவியலில் லிலியம் என்ற பேரினமும், ஹெமரோகாலிஸ் எனப்படும் டே லில்லியும் பூனையின் சிறுநீரகத்தை அழிக்கின்றன. இலை, இதழ், தண்டு, மகரந்தம், பூச்சாடித் தண்ணீர் எதுவும் விலக்கில்லை. ஓரிரண்டு இலையைக் கடித்ததே உயிரைப் பறித்திருக்கிறது. கடிக்கக்கூட வேண்டாம், பூவை உரசிப்போகும்போது மகரந்தம் ரோமத்தில் ஒட்டும், பிறகு பூனை வழக்கம்போலத் தன்னை நக்கிச் சுத்தம் செய்யும், அதுவே போதும்.

வேலை செய்யும் விதம் இன்னும் கொடுமை. முதல் சில மணி நேரத்தில் வாந்தி, சோர்வு. பிறகு வாந்தி நின்றுவிடும். பூனை தேறிவிட்டது என்று வீட்டில் நிம்மதி அடைவார்கள். அந்த நேரத்தில்தான் சிறுநீரக நுண்குழாய்களின் செல்கள் செத்துக்கொண்டிருக்கும். ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் சிறுநீரகம் நின்றுபோகும். முதல் 18 மணி நேரத்துக்குள் ரத்தக்குழாய் வழியாகத் திரவம் ஏற்றத் தொடங்கினால் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு. சிறுநீர் நின்ற பிறகு கொண்டுபோனால் மருத்துவர் செய்யக்கூடியது சொற்பம்.

இதே லில்லியை நாய் தின்றால் வயிற்றுக் கோளாறோடு போய்விடும். சீனாவிலும் ஜப்பானிலும் சில லில்லி வகைகளின் கிழங்கு மனிதருக்குச் சமையல் பொருள். பூனையை மட்டும் ஏன் கொல்கிறது? நஞ்சு நீரில் கரையும் பொருள் என்பதுவரை கண்டிருக்கிறார்கள். 1990களின் தொடக்கத்திலேயே மருத்துவ இதழ்களில் பதிவான இந்த நஞ்சின் மூலக்கூறு இன்னும் அடையாளம் காணப்படவில்லை.

இத்தனைக்கும் நடுவே பெயர்க் குழப்பம் வேறு. பீஸ் லில்லி லில்லியே அல்ல, சேப்பங்கிழங்கின் உறவு. வாயைக் குத்தும், சிறுநீரகத்தைத் தொடாது. காலா லில்லியும் அப்படியே. ஆங்கிலத்தில் குளோரி லில்லி எனப்படும் நம் மாநில மலர் செங்காந்தள் மூன்றாவது வகை. அதன் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் கோல்சிசின், செல்கள் பிரிவதையே நிறுத்தும் நஞ்சு. அளந்து கொடுத்தால் கீல்வாத மருந்து, அளவு தப்பினால் மனிதரையும் கொல்லும். ஒரே பெயர் தாங்கிய மூன்று செடிகள் உடம்பின் மூன்று வெவ்வேறு இடங்களைத் தாக்குகின்றன. மருத்துவரிடம் போய் 'ஏதோ ஒரு லில்லி' என்று நான் சொன்ன பதில் எவ்வளவு வெறுமையானது என்று இப்போது புரிகிறது.

நம் தொட்டியிலேயே இருப்பவை

வெளிநாட்டுச் செடிதான் ஆபத்து என்றும் இல்லை. அரளியைப் பற்றித் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதயத் துடிப்பைக் குலைக்கும் அதன் நஞ்சு பூனைக்கும் அதைத்தான் செய்யும். இலையை மண்ணில் போட்டாலே ஓரங்களில் குட்டி போடும் ரணகள்ளியும், அதன் சொந்தமாகச் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துக் குலுங்கும் கலஞ்சோவும் வேறொரு வகை மூலக்கூறால் அதே இதயத்தைத் தாக்குபவை.

வீட்டு வைத்தியச் செடிகளையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை பார்க்க வேண்டும். சோற்றுக்கற்றாழையின் தோலுக்கும் சோற்றுக்கும் இடையில் கசியும் மஞ்சள் பால் பூனைக்கு வாந்தியும் பேதியும் உண்டாக்கும். குழந்தைகளின் சளிக்குக் கசக்கிக் கொடுக்கும் கற்பூரவல்லியும் அதன் வாசனை எண்ணெய்களால் அதே தொல்லை தரக்கூடியது. நமக்கு மருந்து என்றால் பூனைக்கும் நல்லதாகத்தானே இருக்கும் என்ற எண்ணம் எளிதில் வரும். மருந்து என்பதே உடம்பில் ஏதோ ஒன்றை மாற்றும் பொருள்தான். நம் கல்லீரலுக்கு அளந்த அளவு பூனையின் கல்லீரலுக்குப் பொருந்தாது.

தேர்ந்தெடுக்க ஒரு வழி

பாதுகாப்பான செடிகளுக்குப் பஞ்சமில்லை. தடுமாற்றம் வருவது பெரும்பாலும் பெயரிலும் தோற்றத்திலும்தான். அதனால் நான் அவற்றை ஜோடி ஜோடியாக நினைவில் வைத்துக்கொள்கிறேன்.

அரிகா பாம் நிஜமான பனைக் குடும்பம். பூனை ஓலையைக் கிழித்தாலும் கெடுதல் இல்லை. சேகோ பாம் என்று விற்கும் சைகஸ் பனையே அல்ல, டைனோசர் காலத்திலிருந்து வரும் வேறொரு வம்சம். அதன் எல்லாப் பாகமும், விதை எல்லாவற்றையும் விட அதிகமாக, கல்லீரலை அழிக்கும்.

பேம்பூ பாம் நல்லது. அதிர்ஷ்ட மூங்கில் மூங்கிலும் இல்லை, பனையும் இல்லை, அது டிராசினா. பாம்புச்செடியையும் இப்போது டிராசினாவில்தான் சேர்த்திருக்கிறார்கள். இரண்டிலும் உள்ள சபோனின் என்ற நுரைக்கும் பொருள் பூனையின் வயிற்றைக் கலக்கும்.

போஸ்டன் ஃபெர்ன் உண்மையான பெரணி, பயமில்லை. பூங்கொத்தில் பசுமைக்குச் செருகும் ஆஸ்பராகஸ் ஃபெர்ன் பெரணியே இல்லை. தண்ணீர்விட்டான் கிழங்கின் உறவான அது பூனைக்கு ஆகாது.

கற்றாழையின் குட்டித் தம்பி போலவே இருக்கும் ஹாவொர்தியா பாதுகாப்பானது. தாமரைப் பூ போல அடுக்கிய எச்செவேரியாவும் அப்படியே. ஆனால் எச்செவேரியாவோடு ஒரே குடும்பத்தில் பிறந்த ஜேட் செடியும் கலஞ்சோவும் ஆகாது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குள் இவ்வளவு வித்தியாசம் இருப்பதால், சேப்பங்கிழங்கு விஷயத்தில் உதவிய குடும்பப் பெயர் எல்லா இடத்திலும் உதவாது. பேரினப் பெயர்வரை கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மல்லிகை, முல்லை என நம் ஜாஸ்மினம் பேரினத்துக் கொடிகள் பூனைக்கு நஞ்சில்லாதவை. இரவில் மணக்கும் ராத்ராணியை ஆங்கிலத்தில் ஜாஸ்மின் என்றுதான் அழைக்கிறார்கள், ஆனால் அது கத்தரிக்காய்க் குடும்பத்து நச்சுச் செடி.

இந்த ஜோடிகளுக்கு வெளியே ஸ்பைடர் பிளான்ட், பெப்பரோமியா, ஹோயா, கலாத்தியா, ஃபலனாப்சிஸ் ஆர்கிட், ஆப்பிரிக்கன் வயலெட், ஜெர்பெரா, ரோஜா ஆகியவையும் நல்ல பட்டியலில் வருபவை. சென்னை, மதுரை வெயிலுக்கு அரிகா பாமும் ஸ்பைடர் பிளான்டும் ஹாவொர்தியாவும் ஈடுகொடுக்கும். பால்கனியில் மல்லிகை வைக்கலாம். ஆப்பிரிக்கன் வயலெட்டுக்கும் ஜெர்பெராவுக்கும் ஏற்காடு, கொடைக்கானல் பக்கம் வீடு இருந்தால் நல்லது.

நர்சரிகளில் 'காற்றைச் சுத்தமாக்கும் செடி' என்று அட்டை தொங்கும். அதன் மூலம் 1989இல் நாசா வெளியிட்ட ஓர் ஆய்வு. மூடிய சிறு அறைக்குள் செடி வைத்துச் சில வேதிப்பொருட்கள் குறைவதை அதில் அளந்தார்கள். வீடு மூடிய பெட்டி இல்லை. அப்படிப்பட்ட சோதனைகளையெல்லாம் திரட்டி 2019இல் கணக்குப் போட்டவர்கள், சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடி செய்ய வேண்டுமென்றால் தரையில் சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் தேவை என்றார்கள். அந்த அட்டையை நம்பி பீஸ் லில்லியும் பாம்புச்செடியும் வாங்குவதைவிட ஜன்னலைத் திறந்து, வலை அடித்துவிடுவது மேல். வலை பூனை கீழே விழாமலும் காக்கும்.

நல்ல செடியிலும் கவனம்

நஞ்சில்லை என்றால் அள்ளித் தின்னலாம் என்று பொருளில்லை. ஸ்பைடர் பிளான்டின் நீண்ட இலையைப் பூனைக்கு மிகவும் பிடிக்கும். அளவுக்கு மேல் தின்றால் விரிப்பின் நடுவில் வாந்தி கிடக்கும். அது வெறும் நார்தான்.

செடியைவிட மண்ணில் கலப்பது மோசமாக இருக்கலாம். பூச்சிக்கு அடித்த மருந்து இலையிலேயே தங்கும். சில வகை மருந்து வேர் வழியாகச் செடி முழுவதும் ஏறிவிடும். புதிதாக வாங்கிய செடிக்கு நர்சரியில் என்ன அடித்தார்கள் என்று கேட்டுவிட்டு, இலைகளைக் கழுவி, கொஞ்ச நாள் தனியே வைப்பது நல்லது. இயற்கை உரம் என்று நம்பி ஆமணக்குப் பிண்ணாக்கு போடுகிறவர்கள், சரியாகச் சூடுபடுத்தாத பிண்ணாக்கில் ரிசின் என்ற கடும் நஞ்சு மிஞ்சியிருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. தொட்டி மண்ணைப் பூனை கழிவறையாக்கிக்கொள்ளாமல் இருக்க மேலே பெரிய கூழாங்கற்களைப் பரப்பலாம்.

உயரத்தில் தொங்கவிட்டால் தப்பிக்கலாம் என்ற யோசனை பூனையோடு வாழாதவர்களுடையது. அது ஏறும். ஏறாவிட்டாலும் உதிர்ந்த இலை கீழே விழும்.

அப்படியும் கடித்துவிட்டால், ஈரத்துணியால் வாயையும் ரோமத்தையும் துடைத்து, செடியின் ஒரு கிளையையோ செல்போன் படத்தையோ எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்கவைப்பது பூனைக்குக் கூடுதல் ஆபத்து. லில்லி என்றால் அறிகுறிக்குக் காத்திருக்கவே வேண்டாம்.

பூனைவணங்கி

பூனைக்கு எது கெடுதல் என்று அதற்கே தெரியாதா என்று பலர் கேட்கிறார்கள். வேலியோரம் தானாக முளைக்கும் குப்பைமேனியிடம் இதற்குப் பதில் இருக்கிறது. குப்பைமேனியின் இன்னொரு தமிழ்ப் பெயர் பூனைவணங்கி. செடியைப் பிடுங்கி வேரை வெளியே எடுத்தால் பூனை ஓடிவந்து முகர்ந்து, முகத்தைத் தேய்த்து, அதன் மேல் புரண்டு கும்பிடு போடுவதைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த வேரிலிருந்து பூனையை ஈர்க்கும் இரண்டு மூலக்கூறுகளை 2016இல் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். மேல்நாடுகளில் பூனைகளைக் கிறங்கடிக்கும் கேட்னிப் செடியின் நெப்பெட்டலாக்டோனுக்கு அவை நெருங்கிய உறவு. ஜப்பானியப் பூனைகள் விரும்பிப் புரளும் ஒரு கொடியில் உள்ள இதே வகைப் பொருள் ரோமத்தில் ஒட்டி கொசுவை விரட்டுகிறது என்று இவாத்தே பல்கலைக்கழகத்தார் 2021இல் காட்டினார்கள்.

ஆக, சில செடிகளோடு பூனையின் மூக்குக்கு நெருங்கிய பழக்கம் உண்டு. ஆனால் அதே குப்பைமேனியின் இலையில் சயனைடு வெளியிடக்கூடிய பொருள் இருக்கிறது. பிடித்திருப்பது வேறு, உடம்புக்கு ஒத்துக்கொள்வது வேறு. லில்லியைப் பற்றியோ, மூரேயா தீவின் கொடியைப் பற்றியோ எச்சரிக்கை சொல்லப் பூனையின் மூதாதைகள் எதுவும் விட்டுப்போகவில்லை. அந்த வேலை தொட்டியை வாங்கி வைத்த நம்முடையது.

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த வாரம், பதினான்கு தொட்டிகளின் தாவரவியல் பெயரையும் தேடி, ஐஸ் குச்சியில் பென்சிலால் எழுதி ஒவ்வொன்றிலும் செருகினேன். பெரிய இலைச் செடி டைஃபன்பேக்கியா. ஏதோ ஒரு லில்லி, பீஸ் லில்லி என்று தெரிந்தது. ஆறு தொட்டிகள் மாடி வீட்டு அக்காவிடம் போயின. அவர் வீட்டில் பூனை இல்லை. காலியான இடத்தில் அகலமான மண்சட்டி ஒன்றை வைத்து, முளைப்பாரிக்குப் போடுவதுபோல நெருக்கமாகக் கோதுமை விதைத்தேன். ஒரு வாரத்தில் விரல் நீளம் பச்சை எழுந்தது. சட்டியில் பூனையின் பெயரைத்தான் எழுதி வைத்திருக்கிறோம். காலையில் நான் காபியோடு பால்கனிக்கு வருவதற்குள் அது மேய்ந்து முடித்துவிடுகிறது.